ஓவியர் பணிக்கூடமும் நிழற்படமும்

தோற்றுவாய்

பள்ளியிற் கணக்குப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் எவரும், மாணவன் எழுதிக் காட்டும் விடை ஒன்றை மட்டும் நோக்கி அமைதியுறுவாரல்லர். ‘விடை சரி, வழி எங்கே?’ என்று வினவுவர். வழியைக் காட்டாது விடையை மட்டும் காட்டுவோன் தானே கணக்கிட்டானோ, அடுத்திருப்பவனைப் பார்த்து எழுதினானோ என்பது புலப்படாமையின், அவனுக்கு முழு மதிப்பெண் வழங்குவதில்லை. வழியிற் பிழை நேர்ந்து, அப்பிழையைத் தானே கண்டு அடித்துத் திருத்திய மாணவனிடத்து ஆசிரியர்க்கு மகிழ்ச்சி மிகுமேயன்றிக் குறையாது. அப்பிழையும் திருத்தமும் அவன் அறிவு நடந்து சென்ற தடமாகலின் என்க.

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி நூல்களைப் பதிப்பிக்கும் புலவர் செயலும் இத்தகையதே. ஒரு செய்யுளின் சீர் ஓர் ஏட்டில் ஒருவாறாகவும் மற்றோர் ஏட்டில் வேறாகவும் காணப்படின், சிறந்ததெனத் தமக்குத் தோன்றியதை மூலத்தில் அமைத்து, ஏனையவற்றைப் பாடபேதமென அடியிற் குறித்து வைப்பர். தள்ளப்பட்ட பாடமும் வரலாற்றுக்கு உரியது என்பது அவர் கொள்கை.

எழுத்துக்கு வாய்த்த இவ்வசதி ஓவியத்துக்கு வாய்த்திலது. ஓவியன் ஒரு துணியின்மேல் முதலில் வரைந்த உருவத்தை அடுத்து வரையும் உருவத்தால் மறைக்கிறான். அதனையும் மூன்றாவதொன்றால் மறைக்கிறான். முடிவுற்ற ஓவியம் தன் முன்னை வடிவங்களையெல்லாம் தானே விழுங்கிவிட்டு நம்முன் நிற்கின்றது. இக்காலத்தில் ஊடுகதிர்ப் படத்தால் அடியிலுள்ள படலங்களை ஓரளவு காணலாமாயினும், அவை ஒன்றோடொன்று கலந்தே தோன்றும். எவ்வுருவம் எந்நாளில் இருந்தது, எந்நாளில் மறைந்தது என்பது அதனாற் செவ்வனே விளங்குவதில்லை.

இக்குறையை நீக்க வல்லது ஒன்றுண்டு. ஓவியன் பணி செய்யும் கூடத்துள், பணி நடக்கும்போதே புகுந்து எடுக்கப்பெறும் நிழற்படமே அது. அஃது எப்போது வரலாற்றுக்குத் துணையாயிற்று, எப்போது பணி செய்வோனுக்கு இடையூறாயிற்று என்பதனை மூன்று மெய்ந்நிகழ்ச்சிகளைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

படக்கருவியும் பணிக்கூடமும்

நிழற்படக் கலைக்கும் ஓவியர் பணிக்கூடத்துக்கும் உள்ள உறவு அக்கலை பிறந்த காலத்திலேயே தொடங்கியதாகும். அக்கலையைத் தோற்றுவித்தோருள் ஒருவராகிய லூயி தகேர் என்னும் பிரெஞ்சுக்காரர் முதலில் ஓவியர். நாடக அரங்குகளுக்குப் பெருந்திரைகள் தீட்டியவர். அவரது முறை 1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பாரிஸ் மாநகரில் உலகறிய வெளியிடப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1837-இல், அவர் எடுத்த படமொன்று இன்றும் உளது. சுதையாற் செய்த உருவங்களும், சட்டமிட்ட படமொன்றும், பிரம்பாற் பின்னிய உறையையுடைய குப்பியொன்றும் ஒரு மூலையில் அடுக்கப்பெற்ற தோற்றம் அதிலுள்ளது. அதன் பெயர் ‘ஓவியனது பணிக்கூடம்’ என்பதாம். கூடம் உளது, ஓவியன் இலன். ஒளியைத் தகடு ஏற்பதற்குப் பல நிமிடங்கள் வேண்டியிருந்த அந்நாளில், அசையும் மனிதனைப் பணியினிடையே பிடித்தல் அரிதாயிருந்தது.

பின்னர்க் கருவிகள் விரைவுபெற்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகழ்பெற்ற ஓவியரையும் சிற்பியரையும் அவரவர் கூடத்திலேயே படமெடுத்து விற்கும் வழக்கம் ஐரோப்பாவிற் பரவிற்று. ஆயினும் அப்படங்களிற் பலவும் திருமணக் கூடத்தில் எடுக்கும் படங்களைப் போன்றவை. ஓவியர் நல்லுடை அணிந்து, கையில் ஒரு தூரிகையைப் பிடித்து, முடிந்துபோன ஓவியத்தின் முன் நிற்பர். பணி செய்வோர் கோலம் அதில் இருக்கும், பணி இராது.

பணியையே தொடர்ந்து படமெடுக்க வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. ஆன்றி மத்தீஸ் என்னும் பிரெஞ்சு ஓவியர் 1935-இல் சாய்ந்து கிடக்கும் மங்கை ஒருத்தியின் ஓவியத்தைத் தீட்டியபோது, அது மாறி மாறி வந்த 22 நிலைகளை நிழற்படமாக்கி, அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரிலிருந்த எட்டா கோன் என்னும் கலையன்பருக்கு அனுப்பினார். அவ்வம்மையார் ஓவியத்தை விலைக்கு வாங்கினார். அதே ஆண்டில் பாப்லோ பிக்காஸோவும், ஓர் ஓவியம் அடையும் மாற்றங்களை நிழற்படத்தாற் காத்து வைப்பது மிக்க பயனுடையதாகும் என்று கிறிஸ்டியன் செர்வோஸ் என்னும் பதிப்பாசிரியரிடம் உரைத்தார். அவ்விருப்பம் இரண்டாண்டுகளில் நிறைவேறியது. நிறைவேற்றியவர் ஒரு பெண்மணியார்.

தோரா மாரும் கெர்னிக்கா ஓவியமும்

தோரா மார் 1907-இற் பாரிஸில் பிறந்தவர். தந்தையார் குரோவேசிய நாட்டுக் கட்டடக் கலைஞர். இளமைப் பருவத்தை அர்ஜெண்டினா நாட்டுப் புவனோஸ் அயர்ஸ் நகரிற் கழித்துப் பின் பாரிஸுக்கு மீண்டு, ஓவியமும் நிழற்படமும் ஆகிய இரண்டையும் முறையாகப் பயின்றார். முப்பது வயது நிரம்புமுன்னரே தமக்கெனப் படக்கூடம் அமைத்து, விளம்பரப் படங்கள் எடுத்துப் பொருளீட்டியவர். பார்சலோனா, லண்டன் நகரத் தெருக்களில் வறியோர் வாழ்க்கையைப் படமெடுத்தவர். பிக்காஸோவின் வாழ்வில் அவர் வந்து சேர்ந்தது 1936-ஐ ஒட்டிய காலமாகும். ஆகவே, அவர் வேடிக்கை பார்க்க வந்தவரல்லர். தாமும் ஒரு கலைத்தொழிலர்.

ஸ்பெயின் தேசத்தில் அப்போது உள்நாட்டுப் போர் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1937-இற் பாரிஸில் நடைபெறவிருந்த உலகக் கண்காட்சியில் தன் மண்டபத்துக்குப் பெரியதோர் ஓவியம் வேண்டுமென அந்நாட்டுக் குடியரசு அரசாங்கம் அவ்வாண்டுத் தொடக்கத்திற் பிக்காஸோவைக் கேட்டது. அவர் இசைந்தாரேனும் திங்கள் பல கடந்தும் பணி தொடங்கிற்றிலது. ஏப்ரல் திங்களின் நடுவில் அவர் வரைந்து பார்த்த சில குறிப்போவியங்கள், ஓவியன் ஒருவன் தன் கூடத்தில் ஒரு பெண்ணை எதிரிருத்தி வரையும் காட்சியைக் கொண்டவை. பணிக்கூடமே அவர் எண்ணிய முதற்பொருளாயிருந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது.

ஏப்ரல் 26-ஆம் நாள், திங்கட்கிழமை, சந்தை கூடும் வேளையில், பாஸ்கு நாட்டின் கெர்னிக்கா என்னும் சிற்றூரின்மீது ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் குண்டு பொழிந்தன. ஊர் எரிந்தது, படைக்கலம் ஏந்தாத மக்கள் பலர் மாண்டனர். அச்செய்தியும் இடிபாடுகளின் படங்களும் பாரிஸ் நாளிதழ்களில் வெளிவந்தன. மே முதல் நாளன்று பிக்காஸோ ஓவியனையும் அவன் கூடத்தையும் மறந்து, புதிய குறிப்போவியங்களை வரையத் தொடங்கினார். காளையும், குதிரையும், விளக்கேந்திய பெண்ணும் அன்றே தாளில் இடம்பெற்றன.

அவர் பணிபுரிந்த இடம் பாரிஸில் கிராண்ஸ் ஓகுஸ்தேன் தெருவின் 7-ஆம் எண் வீட்டின் மேல்மாடியாகும். அவ்விடத்தை அவருக்குக் காட்டிக் கொடுத்தவரும் தோரா மாரே என்பர். அத்தெருவுக்கு ஓர் இலக்கியப் புகழும் உண்டு. பால்ஸாக் என்னும் பிரெஞ்சு நாவலாசிரியர் 1831-இல் எழுதிய ‘அறியப்படாத தலைசிறந்த படைப்பு’ என்னும் கதை அத்தெருவிலுள்ள ஒரு வீட்டிலேயே தொடங்குகின்றது. எவரையும் தன் கூடத்துட் புகவிடாமற் பத்தாண்டுகள் ஒரே ஓவியத்தைத் திருத்தித் திருத்தித் தீட்டிய முதியோன் ஒருவன் கதை அது. இறுதியிற் கதவு திறக்கப்பட்டபோது, குழம்பிய வண்ணங்களுக்கிடையே ஒரு பாதம் மட்டும் தோன்றிற்று. மற்றவையெல்லாம் அவன் கையாலேயே மறைந்தொழிந்தன. இக்கதையின் 1931-ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் படம் வரைந்தவர் பிக்காஸோவே. மறைந்த நிலைகள் மீளா என்பதனை அவர் நன்கறிந்திருந்தார் எனக் கொள்ளல் தகும்.

ஓவியத் துணி 3.49 மீட்டர் உயரமும் 7.77 மீட்டர் நீளமும் உடையது. நம் அளவிற் கூறின் ஏறத்தாழ 11½ அடியும் 25½ அடியுமாம். மேல்மாடியின் உத்தரங்களுக்குக் கீழே நேராக நிற்க இடம் போதாமையால் அதனைச் சற்றுச் சாய்த்து நிறுத்தினர். மேற்பகுதியை ஏணிமீது ஏறி நின்றும், கீழ்ப்பகுதியைத் தரையிற் குந்தியும் பிக்காஸோ தீட்டினார். அவ்விரு நிலைகளிலும் அவரைத் தோரா மார் எடுத்த படங்கள் உள்ளன. படமெடுப்பதும் எளிதன்று. சாய்ந்து நிற்கும் பெருந்துணியை ஒடுங்கிய அறையில் முழுதுமாக ஒரு சட்டத்துள் அடக்கவேண்டும்; ஒளியோ துணியெங்கும் ஒருபடித்தாக விழவில்லை. இவ்விடர்களுக்கிடையே அவர் மே 11-ஆம் நாள் முதல் ஜூன் தொடக்கம்வரை அவ்வோவியத்தின் நிலைகளை அடுத்தடுத்துப் பதிவு செய்தார்.

அப்படங்கள் காட்டுவன யாவை? முதல் நிலையில், கீழே வீழ்ந்து கிடக்கும் வீரன் ஒருவன் தன் வலிய கையை நேர்மேலே உயர்த்தி முட்டி பிடித்திருக்கின்றான். உயர்த்திய முட்டி அக்காலத்தில் குடியரசின் பக்கத்தார் வணக்கமாகக் கொண்ட குறி. அடுத்த நிலையில் அக்கை பருத்து வளர்கின்றது. முட்டியினுள் கதிர்க்கற்றை ஒன்று முளைக்கின்றது. பின்னால் ஞாயிறு போன்ற பெருவட்டம் ஒளிர்கின்றது. இவ்வளவில் நிறுத்தியிருந்தால், ‘வீழ்ந்தாலும் வெல்வோம்’ என்னும் முழக்கமாக அவ்வோவியம் முடிந்திருக்கும். மூன்றாம் நிலையை நோக்குமின்! கை இல்லை, கதிர் இல்லை. ஞாயிறு ஒடுங்கி, வாதுமைக் கொட்டை வடிவினதாய் நிற்கின்றது. அதுவே நாளடைவில் கண் போன்ற வடிவெய்தி, நடுவே ஒரு மின்விளக்கைத் தாங்குவதாயிற்று. தொடக்கத்தில் தலை கவிழ்ந்து கிடந்த குதிரை பின்னர்த் தலையெடுத்து, வாய் பிளந்து அலறுகின்றது. காளையின் உடல் திசை மாறுகின்றது. இடையில் ஒருகால், பூ வேலைப்பாடமைந்த சுவர்த்தாள்களைத் துண்டுகளாக்கிப் பெண்களின் ஆடையாக ஒட்டிப் பார்த்திருக்கின்றார். பின்னர் அவற்றையும் எடுத்துவிட்டார். எஞ்சியவை கருமையும் வெண்மையும் சாம்பல் நிறமுமே.

முடிவான ஓவியத்தில் வீரன் கை தரையிற் கிடக்கின்றது. அதில் முறிந்த வாள். வாளின் அருகே ஒரு சிறு பூ. மேல்நோக்கி உயர்ந்த கைகள் ஓவியத்தில் இன்னும் உள. அவை எரியும் வீட்டிலிருந்து வீழும் ஒரு பெண்ணின் கைகள். முழக்கம் நீங்கி அழுகை நின்றது என்று இம்மாற்றத்தைச் சுருங்கக் கூறலாம். ஏன் அவ்வாறு மாற்றினார் என்பதற்குப் படங்கள் காரணம் கூறா. மாற்றம் நிகழ்ந்தது என்பதனையும், எதன்பின் எது நிகழ்ந்தது என்பதனையும் மட்டுமே அவை சான்றாக நின்று கூறும். ஆயினும் அச்சான்று இல்லாதிருந்தால், உயர்த்திய முட்டி ஒன்று அத்துணியில் இருந்தது என்பதைக்கூட உலகம் அறிந்திராது. ‘போரின் கொடுமையை ஓவியர் ஒரே மூச்சிற் கண்டு தீட்டினார்’ என்றே எழுதியிருப்பர். அவர் தம் கையால் எழுதியதைத் தாமே அடித்து, எளிய வெற்றிக்குறியைத் துறந்து, கடினமான உண்மையை அடைந்தார் என்பதற்குத் தோரா மாரின் படங்களே கரி.

அப்படங்கள் 1937-லேயே செர்வோஸ் நடத்திய ‘காயே தார்’ என்னும் கலையிதழில் வெளிவந்தன. 1962-இல் ருடால்ப் ஆர்ன்ஹைம் என்னும் உளநூற் பேராசிரியர், ஒரு படைப்பு உள்ளத்தில் எவ்வாறு உருவாகின்றது என்பதனை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். நாள் குறித்த குறிப்போவியங்களும் இப்படங்களுமே அந்நூலுக்கு அடிப்படை. பல நாடுகளிற் சுற்றிய கெர்னிக்கா ஓவியம் 1981-இல் அமெரிக்காவிலிருந்து ஸ்பெயின் தேசத்துக்கு மீண்டது. 1992 முதல் மாட்ரிட் நகரிலுள்ள ரெயினா சோபியா அருங்காட்சியகத்தில் உளது.

ஈண்டு வருந்தத்தக்கது ஒன்றையும் கூறல் வேண்டும். பிறர் பணியின் வழியைக் காத்துக் கொடுத்த இவ்வம்மையாரைப் பிக்காஸோ தீட்டிய அழும் பெண்ணின் ஓவியங்களைக் கொண்டே உலகம் நெடுங்காலம் அறிந்திருந்தது. அவர் தம் சொந்தப் படைப்புகள் பலருக்குத் தெரியாமற் கிடந்தன. 1997-இல் அவர் மறைந்தார். பாரிஸிலும் லண்டனிலும் அவர் படைப்புகளைத் திரட்டிப் பெருங்கண்காட்சி வைத்தது 2019-ஆம் ஆண்டிலேதான். காண்பவரைக் காண்பார் யார் என்னும் வினா இதனால் எழுகின்றது.

தன் கூடத்தைத் தானே படமெடுத்த சிற்பி

இனி, பிறரை அழையாது கலைஞரே கருவியைக் கைக்கொண்ட வரலாற்றைக் காண்பாம். கான்ஸ்தந்தீன் பிரான்குசி என்பார் 1876-இல் ருமேனியா நாட்டுச் சிற்றூர் ஒன்றிற் பிறந்து, 1904-இற் பாரிஸ் அடைந்து, 1916 முதல் ரோன்சேன் சந்து என்னுமிடத்திற் பணிக்கூடம் அமைத்து வாழ்ந்த சிற்பியார். கல்லும் மரமும் வெண்கலமும் அவர் கையில் நிறைவான எளிய வடிவங்களாயின. தம் சிற்பங்களைப் பிறர் எடுத்த படங்கள் அவருக்கு நிறைவு தரவில்லை. படம் அழகாயிருக்கலாம், ஆயின் தம் சிற்பம் அதில் இல்லை என்பது அவர் குறை.

1921-ஐ ஒட்டி, மான் ரே என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர் அவருக்குக் கருவி வாங்க உதவிப் படம் எடுக்கும் முறையையும் கழுவும் முறையையும் கற்பித்தார். சிற்பியார் தம் கூடத்தின் ஒரு மூலையிலேயே இருட்டறை அமைத்துக்கொண்டார். அவர் எடுத்த படங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டன எஞ்சியுள்ளன. சிலவற்றில் ஒளி சிதறும்; சிலவற்றில் உருவம் தெளியாது. தொழில்முறைப் படக்காரர் குற்றமெனத் தள்ளும் அவற்றை அவர் விரும்பியே வைத்துக்கொண்டார். மெருகிட்ட வெண்கலத்தின்மேல் ஞாயிற்றொளி பட்டுத் தெறிக்கும் கணமே அவர் காட்ட விழைந்தது.

அவர் கொள்கை பின்வருமாறு. ஒரு சிற்பம் தனியே நிற்பதன்று. அருகில் நிற்கும் சிற்பத்தோடும், தாங்கும் பீடத்தோடும், மேலிருந்து விழும் ஒளியோடும் உறவுடையது. ஆகவே கூடத்தில் அவற்றை இடம் மாற்றி மாற்றி நிறுத்தி, ஒவ்வொரு சேர்க்கையையும் படமெடுத்தார். ஒரு சிற்பம் விலைபோயின், அவ்விடம் வெறுமையாகாதவாறு அதன் சுதைப்படியை அங்கே வைத்தார். இறுதியில், 1956-இல் எழுதிய உயிலால் கூடத்தையும் அதிலுள்ள யாவற்றையும் பிரெஞ்சு அரசுக்கு அளித்து, 1957 மார்ச்சுத் திங்களில் மறைந்தார். சந்திலிருந்த கட்டடங்கள் பின்னர் இடிக்கப்பட்டன. ஆயினும் கூடம் அழிந்திலது. 1997-இல் ரென்ஸோ பியானோ என்னும் கட்டடக் கலைஞர் பாரிஸ் பொம்பிடு மையத்தின் எதிரே அதனை மீட்டமைத்தார்.

மாண்டவர் கூடத்தை ஊர்விட்டு ஊர் கொண்டுசென்ற நிகழ்ச்சியும் உண்டு. பிரான்சிஸ் பேக்கன் என்னும் ஓவியர் லண்டனில் ரீஸ் மியூஸ் என்னுமிடத்தில் முப்பதாண்டுகள் பணிசெய்த சிற்றறை, அவர் 1992-இல் இறந்தபின் டப்ளின் நகரத்து ஹியூ லேன் கலைக்கூடத்துக்கு 1998-இல் வழங்கப்பட்டது. கிழிந்த தாள்களும், வண்ணக் குப்பிகளும், வெட்டி எறிந்த துணிகளுமாகக் குப்பை மேடெனக் கிடந்த அவ்வறையை முதலிற் படமெடுத்தனர். பின் தொல்பொருள் ஆராய்வோர் அளந்து, எப்பொருள் எவ்விடத்தில் எனக் குறித்துக்கொண்டனர். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் எண்ணிப் பெயர்க்கப்பட்டன. 2001-இல் அவ்வறை டப்ளினில் முன்போலவே திறந்து வைக்கப்பட்டது.

இடையூறாக வந்த படக்கருவி

மூன்றாவது வரலாறு நன்மையோடு துன்பமும் கலந்தது. ஜாக்சன் பொல்லாக் என்பார் அமெரிக்க ஓவியர். நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் தீவில் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், பழைய களஞ்சியம் ஒன்றைப் பணிக்கூடமாகக் கொண்டவர். துணியைத் தரையில் விரித்து, நான்கு புறமும் சுற்றி நடந்து, குச்சியாலும் இறுகிய தூரிகையாலும் வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் தீட்டுவது அவர் முறை. ‘இதென்ன ஓவியம்?’ என்று நகைத்தவர் பலர்.

1950 ஜூலையில், ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஹான்ஸ் நமுத் என்னும் இளைஞர் அவரைப் படமெடுக்க இசைவு பெற்றுச் சென்றார். வாயிலை அடைந்தபோது, ஓவியம் முடிந்துவிட்டது, இனிப் படமெடுக்க ஒன்றுமில்லை என்றார் பொல்லாக். இருவரும் கூடத்துட் புகுந்தனர். ஈரம் உலராத துணி தரையிற் கிடந்தது. அதனை நோக்கி நின்ற பொல்லாக், திடீரென வண்ணத்தையும் தூரிகையையும் எடுத்து மீண்டும் தீட்டத் தொடங்கிவிட்டார். நமுத் வாய்பேசாது படமெடுத்தார். அது முதல் இலையுதிர்காலம்வரை எடுத்த படங்கள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டன. அவற்றுட் சிலவற்றிற் பொல்லாக்கின் மனைவியார் லீ கிராஸ்னர் ஓரமாக அமர்ந்து நோக்குவது காணலாம். அவரும் தேர்ந்த ஓவியரே.

அப்படங்களாற் பயன் விளைந்தது. வண்ணம் கண்டவாறு கொட்டியதன்று. காலும் தோளும் மணிக்கட்டும் ஒன்றுபட்டு இயங்கிய பயிற்சியின் விளைவு அது என்பதனைப் பலர் உணர்ந்தனர். நமுத்துக்கோ நிழற்படம் போதவில்லை. ஓடும் படம் வேண்டும் என விழைந்தார். பால் பால்கன்பர்க் என்பாரைத் துணைக்கொண்டு வண்ணப்படம் எடுக்கலானார். ஓவியன் முகத்தையும் அவன் தீட்டும் கோட்டையும் ஒருங்கே காட்டவேண்டி, கண்ணாடிப் பலகை ஒன்றன்மேல் பொல்லாக் தீட்ட, நமுத் அதன்கீழ் மல்லாந்து கிடந்து படமெடுத்தார். வெட்டவெளியிற் குளிர்காற்று வீசும் நவம்பர் மாதம் அது. கருவியின் வசதிக்கேற்பத் தொடங்குவதும் நிறுத்துவதுமாகப் பணி நடந்தது. கண்ணாடிமேல் முதலில் தீட்டியதனோடு தமக்குத் தொடர்பு அற்றுவிட்டதென உணர்ந்து, அதனைத் துடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினார் பொல்லாக்.

அந்நவம்பரின் இறுதிவாரத்தில் படப்பிடிப்பு முடிந்த மாலை. இரண்டாண்டளவு மதுவைத் தீண்டாதிருந்த பொல்லாக், வீட்டினுள் வந்ததும் மதுவை ஊற்றிக் குடித்தார். விருந்தினர் அமர்ந்திருந்த உணவு மேசையை அன்றிரவே கவிழ்த்துவிட்டார். அதன்பின் அப்பழக்கம் அவரை விடவில்லை. 1956 ஆகஸ்டில், குடித்த நிலையிற் கார் ஓட்டிச் சென்று விபத்தில் உயிரிழந்தார். இத்துன்பத்துக்குப் படக்கருவியே காரணம் எனத் துணிதல் நேர்மையன்று. அந்நோய் அவருக்குப் பழையது. ஆயினும் தனிமையிற் செய்த செயலை ஆணைப்படி திரும்பத் திரும்பச் செய்து காட்ட நேர்ந்தபோது, அவர் தம்மைப் பொய்யராக உணர்ந்திருத்தல் கூடும் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கருதுவது புறக்கணிக்கத் தக்கதன்று.

மூன்றும் உணர்த்துவது

இம்மூன்றனையும் ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். கருவி ஒன்றே, பயன் வேறு. தோரா மார் ஓவியத்தின் போக்குக்குத் தம் கருவியை இசைவித்தார். துணி மாறியபோது படமெடுத்தார். படத்துக்காகத் துணியை மாற்றும்படி கேட்டிலர். பிரான்குசி தம் பணியின் ஒரு பகுதியாகவே படமெடுத்தலைக் கொண்டார். நமுத்தும் முதல் நாளன்று அவ்வாறே வாய்பேசாது நின்றார். அன்று கிடைத்தவை சிறந்த படங்கள். பணி கருவிக்கு அடங்க நேர்ந்த பின்னரே துன்பம் புகுந்தது. ஆகவே, ‘பணிக்கூடத்துட் படக்கருவி புகலாமா?’ என்பதனினும், ‘புகுந்தபின் எது எதற்கு அடங்கி நிற்கின்றது?’ என்பதே கேட்கத்தக்க வினாவாம்.

முடிவுரை

இவ்விதழைப் படிக்கும் அன்பர்தம் இல்லங்களிற் படங்களுக்குக் குறைவிராது. மணமக்கள் கோலமும், சுற்றத்தார் வரிசையாய் நிற்கும் கோலமும் சுவரில் இருக்கும். ஆயின், அறுபதாண்டு உழைத்த பாட்டனார் தம் பணியிடத்தில் குனிந்திருக்கும் படம் ஒன்றேனும் உண்டா? பாட்டியார் கையில் அவர் நாள்தோறும் எடுத்தாண்ட கருவியோடு ஒரு படம் உண்டா? இக்காலத்திற் சிறுவர் கையிலும் படமெடுக்கும் கைப்பேசி உளது. அவரையே இப்பணிக்கு ஏவலாம்.

அவ்வாறு எடுப்போர் மூன்றனை மறவாதிருத்தல் வேண்டும். முதலாவது, பணி செய்வாரிடம் இசைவு கேட்டல். இரண்டாவது, அவரை நிமிர்ந்து பார்க்கவும் புன்னகைக்கவும் சொல்லாது, பணி நடந்தவாறே நடக்க விடுதல். மூன்றாவது, படத்தின் பின்புறத்தில் நாளும், இடமும், பணி செய்தவர் பெயரும் எழுதி வைத்தல். எடுத்தவர் பெயரையும் உடன் எழுதுக. தோரா மார் பெயரை உலகம் நெடுங்காலம் மறந்ததுபோல் நம் வீட்டுப் பிள்ளையின் பெயர் மறக்கப்படுதல் வேண்டா.